'எ' விட்டுப்போனா என்ன ஆகும்?

இன்னைக்கு ஆங்கிலத்துல வர்ற 'எ', 'தி' பத்திப் பேசலாம். "விட்டுட்டா என்ன, புரிஞ்சுக்க மாட்டாங்களா?"னு கேட்பீங்க. பல நேரம் புரிஞ்சுக்குவாங்க. சில நேரம் தலைகீழாப் புரிஞ்சுக்குவாங்க.

டெஸ்டிங் முடிச்சுட்டு கிளையண்டுக்கு ஒரு மெயில் போடுறீங்க: 'வீ ஃபவுண்ட் ஃப்யூ இஷ்யூஸ்'. நீங்க சொல்ல வந்தது, சில பிரச்சினை இருக்குன்னு. எழுதினது, பிரச்சினை பெருசா எதுவும் இல்லைன்னு! 'எ ஃப்யூ இஷ்யூஸ்'னு இருந்திருக்கணும். நம்ம ஊர் மேனேஜர் சமாளிச்சுப் படிச்சுடுவார். லண்டன்ல இருக்கிற கிளையண்ட் நிம்மதியா ரிலீஸ் பண்ணச் சொல்லிடலாம்.

நாம ஏன் இதுல தடுமாறுறோம்? தமிழ்ல 'ரெண்டு புக்' போதும், 'புக்குகள்' கட்டாயமில்லை. 'புக் வாங்கினேன்'னா 'ஒரு'வும் தேவையில்லை. ஆங்கிலத்துல எண்ணக்கூடிய பொருள் ஒருமையில தனியா நிக்காது. முன்னாடி 'எ', 'தி', 'மை', 'திஸ்'னு ஏதாவது ஒண்ணு துணைக்கு வேணும். 'ஐ பாட் எ புக்', இல்லைன்னா பன்மையில 'ஐ பாட் புக்ஸ்'. ('பை பஸ்' மாதிரி பழகிப்போன சில தொடர்கள் விதிவிலக்கு.)

'தி'க்கு தமிழே ஒரு குறிப்பு தருது. 'புக் வாங்கினேன்', 'புக்கை வாங்கினேன்'. ரெண்டாவதைக் கேட்டதும் 'ஓ, அன்னைக்குச் சொன்ன புக்கா?'ன்னு தோணும். அந்த 'ஐ' இங்க செய்ற வேலைதான் 'தி'யோடது. இதை ஸ்கூல்ல எனக்கு யாருமே சொல்லலை! ஆனா ஆட்கள் விஷயத்துல இந்த டெஸ்ட் செல்லாது. யாரோ ஒரு டாக்டரா இருந்தாலும் 'டாக்டரைப் பார்த்தேன்'னுதான் சொல்லுவோம்.

இன்னொரு வம்பு: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர். நாம 'ஒரு அட்வைஸ்'னு சகஜமா சொல்றோம். ஆங்கிலத்துல இதெல்லாம் தண்ணி மாதிரி, எண்ண முடியாது. 'ஆன் அட்வைஸ்' கிடையாது, 'அட்வைசஸ்'சும் கிடையாது. 'சம் அட்வைஸ்'னு சொல்லணும்.

இதுல மாட்டினது நாம மட்டும் இல்லை. 1969-ல நிலாவுல கால் வெச்ச நீல் ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னது, ஒரு மனுஷனுக்குச் சின்ன அடி, மனித குலத்துக்குப் பெரிய பாய்ச்சல்னு. ஆனா பதிவுல 'ஃபார் மேன்'னுதான் கேட்குது. 'எ' இல்லாத 'மேன்'னா அதுவும் மனித குலம்தான். அப்போ குலத்துக்குச் சின்ன அடி, குலத்துக்கே பெரிய பாய்ச்சல்! தான் சொல்ல நினைச்சது 'எ மேன்'தான்னு அவர் பின்னாடி விளக்கம் சொன்னார். அந்த 'எ' ஒலிச்சதா இல்லையான்னு பதிவை வெச்சு ஆராய்ச்சியே நடந்திருக்கு.