அப்பாவுக்கு வரலாற்றுப் புத்தகம் வாங்கப்போறீங்களா? முதலில் அவர் அலமாரியைப் பாருங்க!

டி.வி-யில் 'பொன்னியின் செல்வன்' ஓடினால், சில வீடுகளில் படத்தைவிட அப்பாவின் குரல்தான் அதிகம் கேட்கும். "இதெல்லாம் கல்கியோட கற்பனை. கல்வெட்டுல இருக்கிறதே வேற!" என்பார். வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட அப்பாவின் பிறந்தநாளுக்கு, வழக்கமான சட்டைக்குப் பதில் புத்தகம் கொடுக்க நினைப்பது நல்ல யோசனைதான். ஆனால், கடையில் நம் கண்ணில் முதலில் படும் புத்தகத்தை அவர் 20 வயதிலேயே படித்து முடித்திருப்பார். "நல்ல புக்குப்பா" என்று வாங்கி வைத்துக்கொள்வார். பிரிக்க மாட்டார். அதனால் அவர் வாக்கிங் போயிருக்கும் நேரத்தில், அலமாரியை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். என்ன இருக்கிறது என்பது மட்டுமல்ல, எதைத் திரும்பத் திரும்பப் புரட்டியிருக்கிறார் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

சோழர் பக்கம் சாய்ந்தவர் என்றால், ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்', தி.வை.சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு'. காரணம் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலை விஷயத்தில் இந்த இரண்டு அறிஞர்களும் எதிரெதிர் பக்கம். திருவாலங்காட்டுச் செப்பேட்டை வைத்து உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார் சாஸ்திரி. பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடி கோயிலில் இருக்கும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, கொலைகாரர்களின் பெயர்களையே சொல்கிறது. ரவிதாசன் அதில் ஒருவன். ஆம், நாவலில் வரும் அதே பெயர்தான்! இரண்டு புத்தகங்களையும் கையில் கொடுத்தால் அப்பாதான் நீதிபதி.

எல்லா அப்பாக்களுக்கும் ராஜா கதை பிடிக்காது. சுதந்திரப் போராட்டம் என்றால் நிமிர்ந்து உட்காருபவருக்கு, ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' பொருத்தமாக இருக்கும். 2024-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற நூல். வ.உ.சி. கைதானதும் நெல்லையும் தூத்துக்குடியும் கொந்தளித்த கதை. அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

தலைப்பு முடிவானதும் உடனே பில் போட்டுவிடாதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து எழுத்தின் அளவைப் பாருங்கள். பண்டாரத்தாரின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை என்பதால், பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. ஒன்றில் எழுத்து பெரிதாக இருக்கும், இன்னொன்றில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். படுத்துக்கொண்டு படிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால், கனமான ஒற்றைப் புத்தகத்தைவிட இரண்டு பாகங்களாக வாங்குவது நல்லது. மணிக்கட்டு தாங்க வேண்டுமே! 'மாற்றித் தருவீர்களா?' என்று கடையில் கேட்டுக்கொண்டு, பில்லை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

புத்தகத்தைக் கொடுத்த நாலாவது நாள், சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்: "அப்பா, கரிகாலனை நிஜமாவே யார்தான்பா கொன்னது?" அன்றைக்கு மட்டும் டி.வி-யை அணைத்துவிடுங்கள். சாப்பாடு முடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.