பழைய வண்டியின் தோலாசனம் பேணல்

சாகாமம் முதல் கல்முனை வரையுள்ள நம் ஊர்களிற் பழைய மொறிஸ் மைனரையும் ஒஸ்டினையும் விற்க மனமின்றிப் பேணிவருவோர் இன்றும் உளர். தந்தையார் ஓட்டிய வண்டி என்னும் பற்றே பெரும்பாலும் அதற்குக் காரணமாம். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கைக்குப் புதிய கார்கள் வருவது அருகவே, இருந்தவற்றைத் திருத்தித் திருத்தி ஓட்டும் கைத்திறன் இங்கு வளர்ந்தது. 1990களில் அவ்வண்டியின் உடற்றகடுகள் இந்நாட்டிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டமை அத்திறனுக்குச் சான்று. தகட்டை மீளவும் அடித்துக்கொள்ளலாம். வண்டியோடு வந்த பழைய தோலை மீளப் பெறுதல் அரிது. புறக்கணிப்பாற் கெடுவது போலவே, அன்போடு அளவின்றிப் பூசும் எண்ணெயாலும் அது கெடுகின்றது. ஆதலின் அதனைப் பேணும் முறையை ஈண்டு சுருக்கமாகக் கூறுவாம்.

தோல் என்பது கொலாசன் என்னும் புரத இழைகளின் பின்னல். ஆவாரம்பட்டை போன்றவற்றின் துவர்ச்சாற்றினாலோ குரோமிய உப்பினாலோ பதனிடப்பெற்றபின் அஃது எளிதில் அழுகாது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாது நெகிழ்தற்பொருட்டு அதற்குக் கொழுப்பூட்டுவர். பின்னர் நிறமும் மெல்லிய காப்புப் பூச்சும் மேலே இடுவர். எனவே ஆசனத் தோலில் உள்ளே இழைப்பின்னலும் மேலே பூச்சுமாக இரு பகுதிகள் உள. மத்தளத்திலும் றபானிலும் உள்ள தோல் இங்ஙனம் பதனிடப்படாதது. அதனை அனலிற் காட்டி விறைப்பேற்றுவர். ஆசனத்தின் முதிர்ந்த தோலை அவ்வாறு சூடேற்றின், சுருங்கி மீளாது கெடும்.

நம் கரையோரத்திற் கச்சான் காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சுகின்றது. வாடைக்கால மாரியிற் பூஞ்சணம் படர்கின்றது. வெயில் மேற்பூச்சை வெடிக்கச் செய்கின்றது. இம்மூன்றனுள் எதனால் எப்பகுதி கெட்டது என்பதை அறியாது மருந்திடல் ஆகாது.

முதற்கண் அது தோல்தானா எனப் பார்த்தல் வேண்டும். அக்கால ஆங்கில வண்டிகள் பலவற்றில் உடல் படும் இடங்களுக்கே தோலிட்டு, பக்கங்களுக்கு றெக்சீன் இட்டனர். பின்புறம் நார் நாராகத் தோன்றுவது தோல்; நெய்த துணி தோன்றுவது றெக்சீன். பின்னர் மறைவானதோர் இடத்தில் ஒரு துளி நீர் விடுக. துளி திரண்டு நின்றாற் பூச்சு நலமே. துடைத்துத் துப்புரவாக்கலே போதும். உடனே உள்ளிறங்கினாற் பூச்சுத் தேய்ந்துவிட்டது. விரலாற் தேய்க்கச் செம்பொடி உதிருமாயின் இழையே உளுத்துவிட்டது. அதற்கு எண்ணெயும் மருந்தன்று, நீரும் மருந்தன்று. நீர் பட்டால் அது கறுத்து இறுகும். அத்துண்டை மாத்திரம் மாற்றுதலே வழி.

துப்புரவு செய்யுங்கால் தூசியை மென்தூரிகையால் நீக்கி, காரமற்ற சவர்க்காரம் சிறிது கலந்த நீரில் துணியை நனைத்து, நன்கு பிழிந்து துடைத்தல் வேண்டும். பதனிட்ட தோல் சிறிது அமிலத்தன்மை உடையது. ஆதலின் உடைவெளுக்கும் சவர்க்காரம் அதற்குப் பகை. நிழலில் உலர்ந்தபின், நீர்கலந்த தோற்களிம்பை மிக மெல்லிதாகத் தடவி, ஒருநாள் விட்டு, மிகுதியைத் துடைத்து, வேண்டுமாயின் மீண்டும் தடவுக.

தேங்காயெண்ணெய் நம்மவர் கைக்கு எளிதிற் கிட்டுவது. எனினும் அதனை ஆசனத்திற்குப் பூசலாகாது. அது தூசியைப் பிடிக்கும். பின்னர் இடும் நிறத்தை ஒட்டவிடாது. ஏறக்குறைய 24 பாகை செல்சியசிற்குக் கீழ் உறைவதால், வண்டி நுவரெலியா போன்ற குளிர்ந்த ஊருக்குச் செல்லும்போது வெண்படையாகவும் தோன்றக்கூடும். ஆளிவிதை எண்ணெயோ காற்றுப்பட்டு இறுகிவிடும்.

இவ்வுண்மையை நூலகங்களும் பட்டறிந்தன. பிரித்தானிய அரும்பொருட்சாலையின் பிளெண்டர்லீத் 1946 ஆம் ஆண்டில் தோற்கட்டு நூல்களைப் பேணும் முறைபற்றி எழுதினார். கம்பளிக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சு அக்காலத்திற் பெரிதும் வழங்கிற்று. பின்வந்த பேணுநர், அத்தகைய பூச்சுகள் முதுமையைத் தடுப்பதில்லை எனக் கண்டு, அவற்றைப் பெரும்பாலும் கைவிட்டனர். நாடோறும் வளைந்து நிமிரும் ஆசனத்திற்குச் சிறிது நெகிழ்ச்சி வேண்டும். அதற்கும் அளவு உண்டு.

வெடித்த இழையை எந்தக் களிம்பும் ஒட்டாது. வெடிப்பின் பின்புறத்தில் மெல்லிய துணியை நெகிழ்வான பசையால் ஒட்டி, மேலே தோலுக்குரிய நிரப்பியைப் பலமுறை மெல்லிதாக இட்டு, பின்னரே நிறமூட்டல் வேண்டும். தையல் விட்டிருப்பின் பழைய துளைகளின் வழியே தைப்பிக்க. புதுத்துளைகள் தோலைக் கிழிக்கும்.

இதன்பின் வண்டியை நிழலில் நிறுத்துக. மாரியிற் காற்றோட்டம் தருக. பொலித்தீன் உறையிட்டு ஈரத்தை அடைத்துவையற்க.

பழைய மாணவ அன்பர்களே, ஆசனம் மாற்றுவோனிடம் வண்டியை ஒப்படைக்குமுன் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். மாணவர்களே, நூலகத்திற் பழைய தோற்கட்டு நூலைக் கண்டால் எண்ணெய் தடவாது, தூசி தட்டி ஆசிரியரிடம் கொடுங்கள். முன்னோர் பயன்படுத்திய பொருள் புதியதுபோல் மின்னவேண்டுவதில்லை. நமக்குப் பின்வருவோரும் தொட்டுப் பார்க்கும் நிலையில் அஃது இருத்தலே போதும்.