மறுமணம் செய்த வீட்டின் வாயில்

பெங்களூர் நகர இரயில் நிலையத்தை அடுத்து, இருப்புப்பாதையின் ஓரமாக அமைந்த ஒக்கலிபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராய் நிற்கும் சந்துகளில், எவர் வாயிலில் எவர் வந்து நிற்கின்றார் என்பது தெரு முழுவதும் அறிந்த செய்தி. அத்தகைய தெருவில், மறுமணம் செய்துகொண்ட ஒருத்தியின் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம்.

முன் மணத்தில் பிறந்த எட்டு வயது மகன் அவளுடன் இருக்கின்றான். அம்மணம் நீதிமன்றத்தில் முறைப்படி முறிந்தது. இரண்டாம் கணவர் இரவு வேலைக்குச் செல்பவர், பையனிடம் பரிவுள்ளவர். ஞாயிறுதோறும் பையனின் தந்தை அவனைக் காண வருகின்றார். தொடக்கத்தில் வாயிலில் நின்றவர், பின்னர் நாற்காலியில் அமர்ந்தார். அதன்பின் அடுக்களை வரை சென்று, "குழம்பில் இன்னும் அதே புளிப்புத்தானா?" என்று கேட்கவும் தொடங்கினார். வேலை முடிந்து உள்ளறையில் உறங்கும் கணவர் விழித்துக்கொள்கின்றார். ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே சென்றுவிடுகின்றார். பையன் இருவரையும் மாறி மாறிப் பார்க்கின்றான். அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

இதில் தீயவர் எவரும் இல்லை என்பதே இடர். தந்தை தம் மகனைக் காண வந்தார், அது நியாயம். முன்னாள் மனைவியின் அடுக்களைக்குள் நுழைந்தார், அது நியாயமன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் பல குடும்பங்கள் ஒன்று முழுதும் கதவை அடைக்கின்றன, அல்லது முழுதும் திறந்துவிடுகின்றன.

கணவன் மனைவி என்னும் உறவை நீதிமன்றம் முறிக்கலாம். தந்தை மகன் என்னும் உறவை அது முறிப்பதில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்து மணச் சட்டம், பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை பற்றி ஆணையிடவும், காலத்திற்கேற்ப அவ்வாணையை மாற்றவும் 26-ஆம் பிரிவில் வழி செய்துள்ளது. அடுத்த ஆண்டில் வந்த இளவர் காப்புச் சட்டம் பிள்ளையின் நலனையே தலையாயதாகக் கொள்கின்றது. அச்சட்டத்தில் பலர் கவனியாத ஒரு விளக்கமும் உண்டு: மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் இயற்கைக் காப்பாளர் ஆகமாட்டார். ஆகவே, "இனி நானே இவனுக்கு அப்பா, அவர் வரவேண்டியதில்லை" என்று புதிய கணவர் அன்பினால் கூறினாலும், சட்டம் அதனை ஏற்பதில்லை. தாயின் நிலை வேறு. தந்தை உயிருடன் இருக்கையிலும் தாய் இயற்கைக் காப்பாளராகச் செயற்பட இயலும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சொந்த ஊரில் இவ்வழக்குகள் வேறு விதமாகத் தீர்ந்தன. அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள சமூகங்களில் பிள்ளை எவரிடம், செலவு எவருடையது என்பவற்றை ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தனர். அத்தீர்ப்புகள் யாவும் நல்லவை என்று நாம் கூறமாட்டோம். பெண்ணின் சொல் அங்கு எடுபடாத நாள்கள் மிகுதி. ஆயினும், எல்லை மீறுபவரிடம் சொல்வதற்கு ஒரு பெரியப்பாவோ மாமனோ இருந்தார். திருப்பத்தூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பிழைக்க வந்த குடும்பத்திற்குப் பெங்களூரில் அந்த நடுவர் இல்லை. அவர் சொல்லவேண்டியதைக் கணவனும் மனைவியுமே சொல்லவேண்டியதாகின்றது.

அதனை யார் சொல்வது? புதிய கணவர் சொன்னால் அது போட்டியாகத் தோன்றும். முன் மணத்தில் இருந்தவரே, அதாவது இங்கே அம்மனைவியே, சொல்வது பொருந்தும். ஆனால் அதற்கு முன்னர் இருவரும் தனியே அமர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். "ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள், பையன் புறப்பட்டு நிற்பான். வெளியே அழைத்துச் சென்று மாலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடுங்கள். வருமுன் செய்தி அனுப்புங்கள்." இவ்வளவு போதும். பழைய குறைகளை இத்துடன் சேர்த்தால் பேச்சு திசைமாறும். மழை நாளில் வந்தவரைத் திண்ணையில் அமர்த்திக் காப்பி கொடுப்பதில் எல்லை ஒன்றும் குலைந்துவிடாது.

இனி, இரண்டாந்தாரமாக வந்தவளின் நிலை. முதல் மனைவியிடமிருந்து இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி அழைப்பு வருகின்றது; பள்ளிக் கட்டணம் கட்டவேண்டுமாம். இவளுக்குச் சினம் எழுவது இயல்பே. ஆயினும் தந்தை மறுமணம் செய்ததனால் முதற் பிள்ளையின் பராமரிப்புக் கடமை அகல்வதில்லை. அத்தொகையை வீட்டுச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதி, குறித்த நாளில் வங்கி வழியே அனுப்பிவிட்டால், பதினொரு மணி அழைப்பிற்குக் காரணமே இராது. அழைப்பு நேரத்திற்கும் ஓர் அளவு வேண்டும். பிள்ளையுடன் வாழாத பெற்றோர் நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் அதனுடன் பேச வாய்ப்பிருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாலை ஏழு மணி என்று குறித்துப் பிள்ளையின் கையிலேயே தொலைபேசியைக் கொடுத்துவிடலாம்.

நம் புராணங்கள் மாற்றாந்தாய்க்கு நல்ல பெயர் தரவில்லை. துருவனைத் தந்தையின் மடியிலிருந்து விலக்கியவள் சுருசி. கன்னடத்தில் 'மலதாயி' என்னும் சொல்லும் அதே கசப்பையே சுமக்கின்றது. அதனால் பிள்ளை இவளை 'அம்மா' என்றே அழைக்கவேண்டும் என்று வற்புறுத்துவோர் உண்டு. 'சித்தி' என்னும் சொல் நம்மிடம் இருக்கையில் அவ்வற்புறுத்தல் எதற்கு?

பேசியும் பயனில்லையெனில், மணம் தமிழ்நாட்டில் நடந்திருந்தாலும், பிள்ளை வழக்கமாக வாழும் இடத்து நீதிமன்றத்தில் அதன் காப்புரிமை பற்றி முறையிடலாம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லாச் சமயத்தினர்க்கும் இவ்வாறே விதிக்கின்றது. பெங்களூரின் குடும்ப நீதிமன்றம் சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுல கட்டடத்தில் இயங்குகின்றது. அங்குத் தீர்ப்பிற்கு முன் இணக்கம் காண முயல்வது நீதிமன்றத்தின் கடமை. பெண்களுக்கும் சிறுவர்க்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. கன்னடம் எழுதத் தெரியாதவர் அதனைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. பையனைப் பள்ளியிலிருந்து யார் யார் அழைத்துச் செல்லலாம் என்பதையும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவைத்தல் நன்று.

நாம் கருதிய அவ்வீட்டில், ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்குப் பையன் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் அமர்ந்திருக்கின்றான். உள்ளே ஒருவர் உறங்குகின்றார். தெருமுனையில் மற்றொருவர் வருகின்றார்.