வில்லனுக்குப் பண முடை

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீஷ் துப்பறியும் கதை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மூடுபனி, குதிரை வண்டி, காஸ் விளக்கு, விளக்கடியில் கறுப்புக் கோட்டு போட்ட ஓர் ஆசாமி... எனக்கு ஞாபகம் வருவது ஒரு மடித்த காகிதம்.

வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி உமன் இன் ஒயிட்’ கதையில் வருகிறது அந்தக் காகிதம். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ பத்திரிகையில் 1859 நவம்பரில் ஆரம்பித்து 1860 ஆகஸ்ட் வரை வாராவாரம் வந்த தொடர்கதை. ஒவ்வொரு வாரமும் வாசகனை அந்தரத்தில் நிறுத்திவிட்டு ‘தொடரும்’ போட்டாக வேண்டிய தொழில். (முடிவெல்லாம் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷம் படிக்காமல் விட்டது உங்கள் பாடு!)

சர் பட்டம் வைத்திருக்கும் பர்சிவல் க்ளைட், புது மனைவி லாராவை லைப்ரரி அறைக்குக் கூப்பிடுகிறான். மேஜை மேல் ஒரு பத்திரம். பல மடிப்பாக மடித்து, கடைசி மடிப்பை மட்டும் பிரித்து வைத்திருக்கிறான். கையெழுத்துப் போட வேண்டிய இடம் தெரிகிறது. எழுதியிருப்பதில் ஒரு வரிகூடத் தெரியவில்லை. என்ன பத்திரம் என்று கேட்கிறாள். அதெல்லாம் பொம்பளைக்குப் புரியாது, வாசலில் வண்டி நிற்கிறது, போடு என்கிறான்.

அவ்வளவுதான் காட்சி. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. கையில் பேனாவோடு ஒரு பெண் நிற்கிறாள். படிக்கிறவனுக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பாங்க் லோன் ஃபாரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இருபது இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஆபீஸ் நண்பர்களுக்குக் கொஞ்சம் கூடவே வியர்க்கும்.

நான் பி.காம். கதையில் வில்லன் வந்தால் முதலில் அவன் வரவு செலவைத்தான் பார்ப்பேன். பழக்க தோஷம். பர்சிவலுக்குக் கழுத்து வரை கடன். லாரா பேரில் 20,000 பவுண்டு இருக்கிறது. ஆனால் அவன் இஷ்டத்துக்குத் தொட முடியாதபடி கல்யாண ஒப்பந்தத்தில் கட்டிப் போட்டிருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டால் சமாளிக்கலாம். போடாவிட்டால் கடன்காரர்களுக்கு மூணு மாச உண்டியல் எழுதிக் கொடுத்துத் தள்ளிப்போட வேண்டும். லாரா படிக்காமல் போட மாட்டேன் என்று பேனாவை வைத்துவிடுகிறாள். உண்டியல் எழுதப்படுகிறது.

மெர்க்கன்டைல் லா வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இங்கே மயிர் கூச்செறியும். உண்டியல் என்றால் கெடு தேதி உண்டு. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. குழந்தை இல்லாமல் லாரா செத்துப்போனால் 20,000 பவுண்டும் புருஷனுக்கு.

‘அவள் உயிருக்கு ஆபத்து’ என்று காலின்ஸ் நம் காதில் கத்தவில்லை. ஒரு தொகை, ஒரு தேதி, ஒரு ஷரத்து. மூன்றையும் எதிரே வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். கூட்டிப் பார்க்கிற வேலை நம்முடையது. நாமே போட்ட கணக்கு என்பதால் பயமும் நம்முடையதாகிவிடுகிறது.

அன்றைக்கு இதைப் படித்த பெண்களுக்கு இது வெறும் கதையும் இல்லை. கல்யாணமானால் பெண்ணின் ரொக்கம், நகை, சம்பாத்தியம் எல்லாம் புருஷனைச் சேரும் என்பது அந்த ஊர்ச் சட்டம். 1870-லும் 1882-லும் சட்டம் கொண்டுவந்துதான் அதை மாற்றினார்கள். பிடிக்காத மனைவியைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவைப்பதும் நடந்தது. எட்வர்ட் புல்வர் லிட்டன் என்று பிரபல நாவலாசிரியர், மந்திரி. பிரிந்து வாழ்ந்த மனைவி ரோஸினா தேர்தல் கூட்டத்துக்கே வந்து மானத்தை வாங்கியதும், 1858-ல் அந்த அம்மாளை அப்படித்தான் அடைத்தார். பத்திரிகைகள் போட்ட கூச்சலில் சில வாரங்களில் வெளியே விட வேண்டியதாயிற்று. மறு வருஷம் காலின்ஸ் கதை ஆரம்பம். அதில் லாராவைப் போலவே இருக்கும் ஆன் காதரிக் என்ற பெண் இறந்துபோக, அவளை லாரா என்று சொல்லிப் புதைக்கிறார்கள். உயிரோடிருக்கும் லாரா, ஆன் காதரிக் என்ற பேரில் பைத்தியக்கார விடுதிக்குள்.

இவ்வளவும் திட்டம் போட பர்சிவலுக்கு மூளை போதாது. அவன் வெறும் முரடன். நிஜ வில்லன் கூடவே இருக்கும் சிநேகிதர், கவுண்ட் ஃபாஸ்கோ. இத்தாலிக்காரர், அறுபதை நெருங்குகிறார், மகா குண்டு. வெள்ளை எலிகள் வளர்க்கிறார். அவை அவர் சட்டைக்குள் ஓடி விளையாடுகின்றன. குருவிகளோடு கொஞ்சுகிறார். இனிப்பு என்றால் உயிர். பெண்களிடம் அப்படி ஒரு மரியாதை. கையைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டினால் நாம் உஷாராகிவிடுவோம். இவர் வந்தாலோ நாற்காலியை இழுத்துப் போடத் தோன்றுகிறது. ஐயா கணக்கு? லாரா போய்ச் சேர்ந்தால் இவர் மனைவிக்கு 10,000 பவுண்டு.

லாராவின் அக்கா மரியன், ராத்திரி மழையில் கூரை விளிம்பில் உட்கார்ந்து, கீழே இவர்கள் பேசும் சதியை ஒட்டுக் கேட்கிறாள். நனைந்து, நடுங்கி, அறைக்கு வந்து டைரியில் எழுதுகிறாள். ஜுரம் ஏற ஏற எழுத்து கோணிப்போய் நின்றுவிடுகிறது. நாம் இதுவரை படித்துக்கொண்டிருந்ததே அந்த டைரிதான். அடுத்த பக்கத்தில் வேறு கையெழுத்து. ஃபாஸ்கோ! டைரி முழுவதும் படித்தேன், பிரமாதம் என்று பாராட்டி எழுதியிருக்கிறார். அவள் தோள் வழியாக நாம் எட்டிப் பார்த்தபோது, நமக்குப் பின்னால் இன்னொருத்தர் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். சஸ்பென்ஸில் இதைத் தாண்டிய இடத்தை நான் படித்ததில்லை.

ஒரு ஆடிட் ஆட்சேபணையும் உண்டு. சதியை உடைக்கிற ஒரே சாட்சி தேதிதான்: ‘லாரா’ செத்தது 25-ம் தேதி, நிஜ லாரா லண்டனுக்கு ரயில் ஏறியது 26. இந்தத் தேதி கதையின் மற்றத் தேதிகளோடு கிட்டத்தட்ட இரண்டு வாரம் உதைக்கிறதே என்று 1860-ல் ‘தி டைம்ஸ்’ விமர்சகர் பிடித்துவிட்டார். காலின்ஸ் 1861 பதிப்பில் திருத்தினார். எந்த ஆபீஸிலோ இருந்திருக்க வேண்டிய விமர்சகர்!

காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ (1868) இன்னும் சுத்தமான கணக்கு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திருடிய வைரம் இங்கிலாந்தில் மறுபடி திருடு போகிறது. எடுத்தவன் காட்ஃப்ரே, பெண்கள் தர்ம சங்கங்களின் செல்லப்பிள்ளை. ஒரு பையனுக்காகக் காப்பாற்ற வேண்டிய 20,000 பவுண்டை முழுங்கியவன். வைரத்தை அடகு வைத்து வாங்கியது 2,000. ஒரு வருஷத்தில் மீட்க 3,000. வட்டி ஐம்பது பர்சென்ட்!

கானன் டாயிலும் இந்த வழிதான். 1892-ல் வந்த ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’, தன் ஹோம்ஸ் சிறுகதைகளில் அவரே முதலிடம் கொடுத்தது. டாக்டர் ராய்லட் இரும்புக் கம்பியை வளைத்துக் காட்டி மிரட்டிவிட்டுப் போகிறார். ஹோம்ஸ் அசரவில்லை, உயில் பார்க்கக் கிளம்புகிறார். செத்துப்போன மனைவியின் சொத்தில் வருமானம் வருஷம் 1,100 பவுண்டாக இருந்து, விவசாய விலை சரிந்ததில் 750 ஆகிவிட்டது. வளர்ப்பு மகள்கள் இருவர். கல்யாணமானால் ஆளுக்கு 250 கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஏன் செத்தாள் என்று இப்போது புரிகிறதா? அப்புறம்தான் இழுத்தால் அடிக்காத மணிக்கயிறு, தரையோடு அறைந்த கட்டில், இருட்டில் மணிக்கணக்காக ஒரு காத்திருப்பு. அந்தப் பாம்பு விசில் சத்தத்துக்கு வருவதும், பால் குடிப்பதும், அந்தப் பேரில் இந்தியாவில் பாம்பே இல்லை என்பதும் வேறு விஷயம். 750 கழித்தல் 500 சரியாக இருப்பதால் பாம்பையும் நம்பிவிடுகிறோம்.

அதனால்தான் 1893-ல் வந்த மோரியார்ட்டி மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஹோம்ஸை அருவியில் தள்ளுவதற்காகவே அவசரமாகச் செய்த வில்லன். குற்ற உலகச் சக்கரவர்த்தி என்று ஹோம்ஸ் சொல்லித்தான் நமக்குத் தெரியும். வாட்ஸன்கூட அந்த ஆளைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார். டாயிலுக்கே உறுத்தியிருக்க வேண்டும். இருபது வருஷம் கழித்து, 1914-ல் தொடங்கிய ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ தொடரில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். புரொபசர் சம்பளம் வருஷத்துக்கு 700 பவுண்டு. தன் வலது கையான கர்னல் மோரனுக்கு அவர் கொடுப்பது 6,000. ஆறு பாங்குகளில் செக் கிழிக்கிறார்.

அந்தப் பக்கத்தில்தான் எனக்கு அந்த ஆள் மேல் முதல் தடவையாகப் பயம் வந்தது.