தீட்டுங் கலை

தீட்டுதல் என்னும் சொல் நம் மொழியிற் பல தொழில்களைக் குறித்து நிற்கின்றது. ஓவியர் சித்திரந் தீட்டுகின்றனர். மகளிர் அரிசி தீட்டுகின்றனர். முடிதிருத்துவோர் கத்தி தீட்டுகின்றனர். முன்னது ஒன்றைச் சேர்ப்பது; பின்னவை இரண்டும் ஒன்றைக் களைவன. அரிசியினின்று தவிட்டைக் களைதல் போலக் கத்தியினின்று எஃகைச் சிறிது சிறிதாகக் களைதலே கூர்மையாக்குதலாம். வேண்டுமளவு களைந்து அவ்வளவில் நிற்றலே இக்கலையின் உயிர். தேய்ந்து மழுங்கிய ஜப்பானியச் சவரக்கத்தி ஒன்றைப் புதுக்கும் முறையைக் கொண்டு இதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அயல்நாட்டுக் கத்தி நமக்கு எற்றுக்கு என நண்பர் வினவலாம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைக் கடற்கரையூர்களில் வாழ்வோர்க்கு இரும்பும் துருவும் புதியன அல்ல. இங்கு வீசும் உப்புக்காற்று சாளரக் கம்பியையும் விடாது அரிக்கின்றது. அன்றியும், கூரிய கருவிகளுக்குரிய எஃகு நம் நாட்டுக்கு அயலானதன்று. தென்னிந்தியாவில் மண் மூசைகளில் உருக்கப்பட்ட எஃகு ‘ஊட்ஸ்’ என்னும் பெயரால் ஐரோப்பாவிற் புகழ்பெற்றது. இலண்டனிற் கத்தித் தொழில் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும், பின்னர் மின்னியலிற் பேரறிஞராக விளங்கிய மைக்கேல் பாரடேயும் அதனை ஆராய்ந்து, எஃகுக் கலவைகளைப் பற்றி 1820ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டனர்.

இனி, ஜப்பானியர் ‘காமிசோரி’ என வழங்கும் கத்தியின் அமைப்பை நோக்குவோம். நம் ஊர்க் கடைகளில் வழங்கிய கத்தி பிடிக்குள் மடியும், காமிசோரி மடியாது. அலகும் பிடியும் ஒரே தண்டாய் இருக்கும். பிடியிற் பிரம்பு சுற்றுவதும் உண்டு. பௌத்தத் துறவிகள் தலை மழித்தற்கு இத்தகைய கத்தியையே கையாண்டனர். மெல்லிரும்பின்மேல் வல்லெஃகை வைத்துக் காய்ச்சி அடித்து இதனை இயற்றுவர். எஃகு கூர்மையைத் தாங்கும். ஆயின் எளிதில் உடையும். மெல்லிரும்பு கூர்மை தாங்காது. ஆயின் எஃகை உடையாமற் காக்கும். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இவ்வமைப்பினால் கத்தியின் இரு முகங்களும் ஒத்திரா. ஆதலின் இரண்டையும் ஒரே அளவாகத் தீட்டுதலும் ஆகாது. இதனை அறியாது தீட்டியவர் கையிற் கெட்ட கத்திகள் பல.

புதுக்குவோர் முதற்கண் கத்தியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்தல் வேண்டும். வாயில் வெடிப்பு இருப்பின் அக்கத்தி சவரத்துக்கு ஆகாது. மேலே படிந்த துருவாயின் எண்ணெயில் ஊறவைத்து, மிக நுண்ணிய உப்புத்தாளாற் கையினாலேயே தேய்த்து நீக்கலாம். விரைந்து சுழலும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் மட்டும் அதனை வைத்தலாகாது. மீன் அரியும் கத்திக்கு அது பொருந்தலாம். சவரக்கத்தியின் மெல்லிய வாயோ நொடியிற் சூடேறும். ஏறத்தாழ 220 சென்டிகிரேட் பாகையில் எஃகு வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீல நிறமும் கொள்ளும். அந்நிறங் கண்ட இடத்தில் எஃகின் வன்மை குன்றிவிட்டது என்க.

ஆகவே நீர் தெளித்த கல்லே ஏற்றது. கல்லின் முகம் சமமாய் இருத்தல் வேண்டும். கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படியுமாறு கிடத்தி, வாய் முன்செல்ல மெல்லெனத் தள்ளுக. இரும்பு தோன்றும் முகத்தைப் பலமுறையும், எஃகு முகத்தைச் சிலமுறையுமே தேய்த்தல் வேண்டும். கல்லின் எண் மிகுந்தோறும் அதன் துகள் நுண்மையாகும். 1000 எண்ணுள்ள கல்லில் வாயை நேராக்கி, 4000, 8000 எனப் படிப்படியாய் ஏறி, 12000 அளவில் முடிப்பது ஒரு முறை. கியோட்டோ நகரை அடுத்த மலைகளில் வெட்டிய இயற்கைக் கற்களை ஜப்பானியர் இறுதித் தீட்டலுக்குப் பெரிதும் போற்றுவர். வாயை ஒளிக்கு எதிரே பிடித்து நோக்குக. மழுங்கிய இடம் வெள்ளிக் கோடுபோல் மின்னும். கூரிய வாயில் ஒளி தோன்றாது. பின்னர்த் தோல்வாரில், இப்போது முதுகு முன்செல்ல இழுத்தல் வேண்டும். வாய் முன்சென்றால் வார் அறுபடும். வழித்து முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, தையற்பொறிக்கு இடும் எண்ணெயைச் சிறிது பூசிவைப்பின் கடற்காற்றும் அதனை எளிதில் அணுகாது.

இக்கலை ஊர்க் கடைகளினின்று மறைந்தமைக்கு வலிய காரணம் உண்டு. ஒரே கத்தி பலர் முகத்திற் படுங்கால், காயத்தின் வழியே ஈரல் அழற்சி நோயும் எச்.ஐ.வி. கிருமியும் பரவக்கூடும். அக்கிருமி இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு, நம் சென்னையிலேயே, டாக்டர் சுனிதி சாலமன் குழுவினராலாகும். ஒருவர்க்கு ஒரு புதிய பிளேடு என்னும் வழக்கம் கடைகளில் நிலைபெற்றது உயிர் காக்கும் நன்மையே. அதனைக் குறைகூற யாம் துணியோம். தீட்டிய கத்தி ஒருவர் தமக்கே வைத்துக்கொள்ளுதற்கு உரியது. பிறர்க்கு இரவல் தருதற்கு உரியதன்று.

ஆயினும், கருவி கடையை விட்டுப் போகலாம். அதனைக் கையாண்டவர் அறிவும் உடன்போதல் வேண்டுவதில்லை. கல்லின் மேற் கத்தி எழுப்பும் ஓசையைக் கேட்டே அதன் கூர்மையை அறிந்த முதியோர்க்குச் சமுதாயம் தக்க மதிப்பை அளித்ததில்லை. கருவிப்பையை அவர்கள் ‘அடைப்பம்’ என்பர். இச்சொல்லை நம் மாணவருள் எத்துணைப்பேர் அறிவர்? கருவி மறைந்தால் அதன் பெயரும், பெயரோடு தொழில் நுட்பமும் மறையும். தமிழ் பயிலும் நண்பர்கள் விடுமுறை நாட்களில் தத்தம் ஊரிலுள்ள அத்தகைய பெரியோரை அணுகி, மரியாதையுடன் கேட்டு, அவர்தம் தொழிற்சொற்களையும் முறைகளையும் எழுதிவைப்பார்களாயின், அது தமிழுக்குச் செய்யும் நல்ல தொண்டாகும்.