கச்சானில் யாருக்குப் பின்னால் ஓடுவது?

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குக் கரையோர வீதியில் சுமார் 70 கிலோமீற்றர். சுபஹுத் தொழுகை முடிந்து சைக்கிளில் தனியே கிளம்புகிறவர் அக்கரைப்பற்றிலேயே களைத்துப்போகலாம். அவரே பத்துப் பேரோடு போனால் கதைத்துக்கொண்டே திருக்கோவிலைத் தாண்டிவிடுவார். ஏன்?

சமதரையில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்றுத்தான். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்கு. முன்னே போகிறவர் காற்றைப் பிளக்க, அவர் முதுகுக்குப் பின்னால் அமுக்கம் குறைந்த காற்று அவரோடு இழுபட்டு வருகிறது. அதற்குள் ஒட்டி ஓடுபவருக்குத் தடை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். அந்த இடத்தைப் பின்னவர் நிரப்புவதால் முன்னவருக்கும் சொற்ப இலாபம் உண்டு. 2018இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தலைமையில் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்தார்கள். உள்ளே பொதிந்திருந்தவர்களுக்குத் தடை, தனியாளுக்கு உள்ளதில் 5 முதல் 10 வீதமே! நம் வீதியில் அவ்வளவு நெருக்கம் நடவாது. ஒரு பஸ் ஹோர்ன் போதும், கலைந்துவிடும்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் கணக்கு மாறும். தெற்கே போகையில் காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும். அப்போது ஒதுக்கிடம் நேர் பின்னால் இல்லை, இடப்புறம் சற்றுப் பின்னால். ஆகவே வரிசை சரிவாகும். வீதியோரம் வந்ததும் இடம் முடிந்துவிடும், மிச்சப்பேர் காற்றை வாங்கத்தான் வேண்டும். திரும்பி வரும்போது அதே சரிவு வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனங்களை நோக்கி நீளும். அந்த நேரம் காற்றில் மிச்சம் பிடிக்க நினைக்காமல் ஒற்றை வரிசையில் ஓடுவதே புத்தி.