பிறப்புப் பத்திரம் தேடி அலையும் தொண்டர்கள்: தோட்டப்புறத்தில் அரிசி மூட்டையை விடப் பெரிய உதவி

கேரி தீவு – தெலுக் பங்லிமா காராங் வழியாக லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் இருபுறமும் செம்பனை மரங்கள். ஆங்கிலேயத் தோட்ட முதலாளி எட்வர்ட் வாலண்டைன் கேரியின் பெயரைத் தாங்கிய இந்தத் தீவில் மா மெரி பூர்வகுடி மக்களும் தலைமுறைகளாகத் தோட்டத் தமிழர்களும் வாழ்ந்து வருகின்றனர். இதுபோன்ற தோட்டப்புறங்களில் கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், மரண சகாய நிதி, இளைஞர் மன்றம் ஆகியவைதான் மக்களுக்கு முதலில் கைகொடுக்கும் அமைப்புகள்.

இவை செய்யும் உதவி என்றதும் தீபாவளி அன்பளிப்புக் கூடை நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. ஆனால் கூடை பத்து நாளில் தீர்ந்துவிடும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் சிக்கல் அப்படித் தீராது. பள்ளிச் சேர்க்கையில் தொடங்கும் அது, 12 வயதில் மைகார்டு எடுக்க முடியாதபோது பெரிதாகி, வங்கிக் கணக்கு, வேலை, திருமணம் என ஆயுளுக்கும் தொடரும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் கோயிலில். தாலி கட்டியதோடு திருமணம் முடிந்தது என்று பலர் இன்னும் நினைக்கின்றனர். 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள திருமண, மணவிலக்குச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். பதிவில்லாத் திருமணத்தில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை விஷயத்தில் தாயின் நிலையே கணக்கில் எடுக்கப்படும். தாய் குடிமகள் என்றால் கவலையில்லை. தாயிடம் சிவப்பு அடையாள அட்டைகூட இல்லை, அல்லது அவர் வெளிநாட்டவர் என்றால், தந்தை நீல அட்டை வைத்திருந்தும் பிள்ளைக்குப் பயனில்லை. பிறகு போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் சிக்கல் தானாகத் தீர்வதில்லை. அந்தத் தாயே தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதியப்படாமல் போனவராக இருந்தால், இரண்டு தலைமுறைக் கணக்கை நேர்செய்ய வேண்டும்.

இங்கேதான் தொண்டர்களின் வேலை தொடங்குகிறது. பழைய தோட்டத்துக் கிராணியைத் தேடிப் பிடிப்பது, பிறந்தபோது பக்கத்து வீட்டில் இருந்து இப்போது கிள்ளானில் குடியிருக்கும் பாட்டியைச் சாட்சிக்கு அழைத்து வருவது, பள்ளிப் பதிவேட்டில் பெயர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பது, சத்தியப் பிரமாணம் எழுத உதவுவது, பந்திங்கிலோ கிள்ளானிலோ உள்ள தேசியப் பதிவிலாகாவுக்குக் காரில் அழைத்துப் போவது. குலை வெட்டும் தொழிலாளிக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி இழப்பு. ஒரு தாள் குறைந்தாலும் மறுபடி போக வேண்டும். அதனால் முதல் பயணத்துக்கு முன்பே ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஒருவர் உடனிருப்பது பெரிய உதவி. டிரா மலேசியா என்ற அரசு சாரா அமைப்பு, தீபகற்ப மலேசியாவில் நாடற்ற நிலையில் உள்ளோரைக் கண்டறிந்து பதிவு செய்வதோடு, உள்ளூர்க்காரர்களுக்கே சட்ட உதவிப் பயிற்சி அளித்து இந்தப் பணியில் ஈடுபடுத்தியுள்ளது.

பதிவு வழியில் தீராதவற்றுக்குக் குடியுரிமை விண்ணப்பம் உண்டு. குறிப்பிட்ட வயதுக்குட்பட்டோருக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் சிறப்புச் சூழலில் உள்துறை அமைச்சு வழங்கலாம். பதில் வர ஆண்டுக் கணக்கில் ஆகலாம். நிராகரிக்கப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பாதியில் மனம் தளர்ந்து விட்டுவிடும் குடும்பங்கள் பல. வயது வரம்பை நெருங்கும் பிள்ளைகளின் கோப்பைத் தொண்டர்கள் முதலில் எடுப்பது இதனால்தான்.

இப்பணிக்கு நன்கொடை திரட்டுவதும் எளிதல்ல. அரிசி மூட்டையைக் கொடுத்துப் படம் எடுக்கலாம். நான்கு வருடமாக நகரும் ஒரு கோப்பைப் படம் எடுத்து முகநூலில் போட முடியாது. பெட்ரோல், ஒளிநகல், சாப்பாட்டுச் செலவு பெரும்பாலும் தொண்டர் கையிலிருந்தே போகிறது. வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் தேவை. சங்கமாக இயங்க, குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவிலாகாவில் பதிந்து, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இதைச் செய்யாமல் பதிவு ரத்தான தோட்டப்புறச் சங்கங்கள் உண்டு. கணக்குப் பார்க்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் வந்தாலே பாதி பாரம் குறையும்.

தீபகற்பத்தில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெற்றோரின் அடையாள அட்டைகள், திருமணப் பத்திரம், மருத்துவமனையின் பிறப்பு உறுதிக் கடிதம், கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லவும். திருமணம் இன்னும் பதியப்படவில்லை என்றால், குழந்தை பிறக்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.